எலக்ட்ரிக் கித்தாரின் உறுமலை அடக்குவது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கான படிப்படி வழிகாட்டி

ஆம்ப்பைப் போட்டு, கம்பியில் விரல் வைப்பதற்கு முன்பே "ம்ம்ம்" என்று உறுமல் கிளம்புகிறதா? பலரும் உடனே பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றுகிறார்கள், அல்லது நாய்ஸ் கேட் (இரைச்சலை மூடும்) பெடல் வாங்குகிறார்கள். சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கரைந்த பிறகும் உறுமல் அப்படியே இருக்கிறது. குற்றவாளி கித்தாரில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், சுவர் சாக்கெட்டிலும் இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் (சுமார் 30 முதல் 50 வெள்ளி), மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் (ஹார்ட்வேர் கடையில் சுமார் 20 வெள்ளி), புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த 3 மீட்டர் கித்தார் கேபிள் ஒன்று. கேபிளை நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும்.

1. சத்தத்தை இனம் பிரியுங்கள்

எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. தாழ்ந்த, ஒரே சுருதியில் நிற்கும் "ம்ம்ம்" உறுமல். வண்டு மாதிரி கூர்மையாக "ஸ்ஸ்ர்ர்" என்பது ரீங்காரம். கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற்றும்போது வரும் "உஷ்" சீறல். அது ஆம்ப்புக்கும் டிஸ்டார்ஷனுக்கும் இயல்பு, அதைத் துரத்திக்கொண்டு அலையாதீர்கள். அசைத்தால் "படபட" என்று வெடித்தால் கேபிள், ஜாக், அல்லது அழுக்கேறிய வால்யூம் குமிழ்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமல் 50 ஹெர்ட்ஸிலோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலோ நிற்கும். கைப்பேசி ட்யூனரை ஸ்பீக்கரிடம் நீட்டிப் பாருங்கள்: ஜி சுரத்தைக் காட்டி, முள் மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம் மேலே நிற்கும். ஆறாவது கம்பியை மூன்றாம் கட்டையில் மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். உறுமலோடு சேரும்போது நொடிக்கு இரண்டு முறை "வாவ் வாவ்" என்று அலையடித்தால் உறுமலில் 100 ஹெர்ட்ஸ் இருக்கிறது. மின்சாரத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு இது துப்பு. எந்தப் பொருள் வழியாக என்பதை அடுத்த படிதான் சொல்லும்.

அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் 60 ஹெர்ட்ஸ் என்றே பேசும். உறுமல் நீக்கும் மென்பொருளில் 50, 60 என்று தேர்வு இருந்தால் 50 வையுங்கள். 60-இல் விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

2. ஆம்ப்பிலிருந்து பின்னோக்கி நடங்கள்

இருபது நிமிட வேலை. ஒவ்வொரு முடிவையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள் உதவும்.

முதலில் ஆம்ப் மட்டும். எதையும் சொருகாமல் வால்யூமைப் பாதிக்கு ஏற்றுங்கள். உறுமினால் ஆம்ப் அல்லது சாக்கெட். மூன்றாம், ஒன்பதாம் படிகளைப் படியுங்கள்.

அமைதியாக இருந்தால், பெடல் எதுவும் இல்லாமல் கித்தாரை நேராகச் சொருகி, கித்தாரின் வால்யூமைச் சுழியத்தில் வையுங்கள். அந்த நிலையில் கித்தாரின் வெளியீடு எர்த்தோடு இணைந்துவிடும், பிக்கப் பேசாது. அப்போதும் உறுமினால் கேபிள், ஜாக், ஆம்ப் ஆகிய மூன்றில் ஒன்று. (மறுமுனை எதிலும் சொருகாத கேபிள் உறுமத்தான் செய்யும். அதைப் பார்த்து கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.)

பிறகு வால்யூமை முழுதாகத் திறந்து இரண்டு காரியம் செய்யுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் ஏறி, இன்னொரு திசையில் ஏறத்தாழ மறைந்தால் அது காந்தப்புலத்தால் வருவது. அடுத்து, கம்பிகளைத் தொடுங்கள்.

தொட்டதும் ரீங்காரம் குறைந்தால் கித்தாரின் எர்த் வயர் நலம். உங்கள் உடம்புதான் ஆண்டெனாவாக இருந்திருக்கிறது, உள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டதும் ரீங்காரம் ஏறினால் ஜாக்கில் இரண்டு வயரும் மாறி ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கித்தாரில் ரீங்காரம் கேட்கிறது, தொட்டாலும் தொடாவிட்டாலும் மாற்றமே இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகளில் அந்த வயரே இருக்காது, அது அவற்றின் அமைப்பு.

கம்பியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று கரண்ட் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அடுத்த படியை முடிக்காமல் தொடாதீர்கள்.

3. சாக்கெட்டும் எர்த்தும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கித்தார் கம்பி பிரிட்ஜோடும், பிரிட்ஜ் கேபிளின் வெளிப்பின்னலோடும், பின்னல் ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடும், சட்டம் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையோடும் இணைந்திருக்கின்றன. சுருங்கச் சொன்னால், நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது வீட்டின் எர்த்தை. அது அறுந்திருந்தால் ரீங்காரம் கூடும். ஆம்ப்பில் பழுது வந்தால் 230 வோல்ட் உங்கள் உடம்பைத் தேடி வரும்.

உறுமல் நிற்கிறது என்று எர்த் முனையை வெட்டுவதும், உள்ளே பச்சை-மஞ்சள் வயரைக் கழற்றி விடுவதும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய எர்த் இல்லாத அடாப்டர் போடுவதும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் எர்த் துளையில் பேனா மூடியை நுழைத்து இரண்டு முனை பிளக்கை உள்ளே தள்ளும் பழக்கம் இருக்கிறது. கைப்பேசி சார்ஜரிலேயே அது தவறு. ஆம்ப்பில் உயிராபத்து.

டெஸ்டரைச் சொருகிப் பாருங்கள். எர்த் இல்லை, வயர் மாறியிருக்கிறது என்று காட்டினால் வேறு அறையின் சாக்கெட்டிலும் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள், கோலாலம்பூரின் பழைய ஃபிளாட்டுகள் போன்ற இடங்களில், பின்னாளில் யாரோ நீட்டி இழுத்த சாக்கெட்டில் எர்த் வயர் வராமலே இருக்கலாம். டெஸ்டர் நல்லது என்று காட்டினாலும் எர்த் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது; எவ்வளவு நல்ல எர்த் என்பதை வயர்மேனின் கருவிதான் அளக்கும். டிபி பெட்டியில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டியில்) எர்த் கசிவைத் துண்டிக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் கித்தார் வேலையை ஒத்திவைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

வயரிங் வேலைக்கு, சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் வர வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், செய்த வேலையைக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். வாடகை வீடானால் டெஸ்டர் விளக்கு தெரியும்படி படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். பிறகு செலவு யாருடையது என்ற பேச்சு வந்தால் அது கையில் இருக்கட்டும். தண்ணீர்க் குழாயில் வயர் சுற்றி நீங்களே எர்த் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய ஆம்ப் வாங்கியவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட், அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். பின்புற லேபிளைப் பார்க்காமல் நம் சாக்கெட்டில் சொருகக்கூடாது. வோல்ட்டைக் குறைக்க வாங்கும் மலிவான டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் எர்த் மறுபக்கம் போவதே இல்லை. ஆம்ப் ஓடும், ஆனால் எர்த் இல்லாமல் ஓடும். வாங்கும்போதே மீட்டரில் உள் எர்த்துக்கும் வெளி எர்த்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, ஆம்ப், பெடல் சப்ளை, கணினி எல்லாம் ஒரே சாக்கெட்டில், சிரிம் முத்திரை உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடட்டும். இரண்டு கருவிகள் இரண்டு சுவர்களில் எர்த் எடுத்து, கேபிள் வழியாக ஒன்றோடொன்று சேரும்போது எர்த் ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் சிறு கரண்ட்தான் உறுமல். பல வீடுகளில் இந்த ஒரே மாற்றத்தில், செலவே இல்லாமல், பாதிப் பிரச்சினை தீரும்.

4. அறையைச் சுற்றிப் பாருங்கள்

ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள்: மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள விளக்கு, மலிவான எல்இடி விளக்கு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள மின்விசிறி, இன்வெர்ட்டர் ஏர்கோண்ட், சார்ஜர்கள், மீன் தொட்டி மோட்டார். சாமி மேடையில் சுற்றிய சீரியல் விளக்கையும் விட்டுவிடாதீர்கள். மங்கலாக்கும் சுவிட்ச் பாதியில் நிற்கும்போதுதான் ரீங்காரம் உச்சத்தில் இருக்கும்.

பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்போன் ஆம்ப் இருந்தால் அதைக் கித்தாரில் சொருகி அறை முழுக்க நடங்கள். எந்தச் சுவரருகே, எந்தப் பெட்டியருகே இரைச்சல் பொங்குகிறது என்று கையோடு தெரிந்துவிடும். கொண்டோவில் டிபி பெட்டி இருக்கும் சுவரை விட்டும், ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மரை விட்டும் இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள்.

5. கேபிள்

மல்டிமீட்டரை 200 ஓமில் வையுங்கள். நுனியிலிருந்து நுனிக்கு, உடலிலிருந்து உடலுக்கு 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். நுனிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. அளந்துகொண்டே பிளக்கின் கழுத்தை வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே பின்னல் அறுந்து, ஓரிரு இழையில் தொங்குகிறது. பின்னல் போனால் ஒலி வரும், கூடவே பெரிய உறுமலும் வரும்.

ஸ்பீக்கர் கேபிளுக்கும் கித்தார் கேபிளுக்கும் பிளக் ஒன்றுதான், உள்ளே வேறு. ஸ்பீக்கர் கேபிளில் பின்னல் கிடையாது; கித்தாருக்குப் போட்டால் ஊர் இரைச்சலெல்லாம் உள்ளே வரும். கித்தார் கேபிளை ஆம்ப்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே போட்டால் சூடேறி ஆம்ப்பையே கெடுக்கலாம். கடற்காற்று படும் பினாங்கில் ஜாக்கும் பிளக்கும் சீக்கிரம் கறுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் தெளித்து, பத்து முறை சொருகி எடுங்கள்.

6. பெடல்களின் மின்சாரம்

சந்தேகப்படும் பெடலை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பெடல் நலம், சப்ளைதான் குற்றவாளி. ஒரே அடாப்டரிலிருந்து பல தலைகள் பிரியும் சங்கிலி வயரில் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) இரண்டு மூன்று ஓடலாம். டிஜிட்டல் டிலே (எதிரொலி தரும் பெடல்) ஒன்று அதே சங்கிலியில் சேர்ந்ததும் "கீ" என்ற மெல்லிய கூவல் எல்லாப் பெடலிலும் பரவும்.

மருந்து, ஒவ்வொரு வாயும் (மின்சாரம் வெளிவரும் துளை) தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் சப்ளை. சுமார் 200 வெள்ளியிலிருந்து மேலே போகும். "எட்டு வாய்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. உள்ளே எல்லாம் ஒன்றாக இணைந்தவை ஏராளம். மின்சாரத்தில் சொருகாமல் இரண்டு வாய்களின் வெளிவளையங்களை மீட்டரில் தொட்டுப் பாருங்கள்: தொடர்பு காட்டினால் பிரிக்கப்படவில்லை. வாங்கும் முன் ஒவ்வொரு பெடலின் தேவையையும் எழுதுங்கள். ஓவர்டிரைவுக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் 100 முதல் 300 வரை கேட்கும். வாயின் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்; அதைச் சங்கிலியில் சேர்த்தால் சப்ளை ஷார்ட் ஆகும்.

7. மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ்

சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. பதிவு செய்யும்போது பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது மூன்று முனை பிளக் உள்ள சார்ஜருக்கு மாறுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்ப்புக்கோ ஸ்பீக்கருக்கோ போகும் கேபிளில்தான் வளையம் என்றால், நடுவே ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று போடுங்கள். எர்த்தைத் துண்டிக்க வேண்டுமென்றால் ஒலி செல்லும் கேபிளில் துண்டிக்கலாம், மின்சாரக் கேபிளில் ஒருபோதும் கூடாது.

8. கித்தாருக்குள் செப்புத் தாள் ஒட்டுதல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். செப்புத் தாள் ரீங்காரத்தைக் குறைக்கும். திசை திரும்பினால் ஏறி இறங்கும் காந்த உறுமலை அது தொடக்கூட தொடாது. அதற்கு ஹம்பக்கர் (உறுமலை ரத்து செய்யும் இரட்டைச் சுருள் பிக்கப்), அல்லது உறுமல் நீக்கும் வகை சிங்கிள் காயில்தான் வழி. ஸ்ட்ராட் வகைக் கித்தாரில் பிக்கப் தெரிவுச் சுவிட்சின் 2, 4 நிலைகளில் உறுமல் அடங்கி, 1, 3, 5-இல் வந்தால் கித்தார் பழுதில்லை, சிங்கிள் காயிலின் இயல்பு அது. இந்த வேறுபாடு தெரியாமல் முழு நாளும் தாள் ஒட்டி ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

வேண்டியவை: ஒட்டும் பக்கமும் மின்சாரம் கடத்தும் 50 மில்லிமீட்டர் அகலச் செப்பு டேப் 4 மீட்டர், 60 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ஈயம், இன்சுலேஷன் டேப், ஒரு தேக்கரண்டி. கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன; மற்றவர்கள் ஷாப்பியில் தேடலாம். டேப்புக்குச் சுமார் 20, 30 வெள்ளி. முதல் முறை செய்பவர் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மறுநாள் கச்சேரி இருந்தால் தொடவே வேண்டாம். புதுக் கித்தாரானால் வாரன்டி அட்டையை முதலில் படியுங்கள். உள்ளே கைவைத்தால் வாரன்டி போகலாம்.

கம்பிகளைக் கழற்றி, பிக்கார்டைத் (கித்தாரின் முகப்பு மூடியை) திறந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று நான்கு கோணத்தில் படம் எடுங்கள். குழியின் அடி, சுவர் என்று டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று 5 மில்லிமீட்டர் ஏறும்படி வையுங்கள். தேக்கரண்டி முதுகால் அழுத்தித் தேயுங்கள். மேல் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் டேப் வெளியே மடிந்து நிற்கட்டும். பிக்கார்டின் அடியில் ஒட்டும் டேப் அதன்மேல் உட்காரும்போதுதான் பெட்டி மூடப்படும். துண்டுக்குத் துண்டு மீட்டரில் தொட்டுப் பாருங்கள். தொடர்பு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஈயம் ஒட்டாது, அதை விடுங்கள். குழியிலிருந்து ஒரே ஒரு வயர், வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள உலோகப் பாகம்) முதுகுக்கு.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஜாக் குழியிலும் தாள் ஒட்டி, மூடி, சோதித்தால் மீட்டரில் எல்லாம் சரி. பிளக்கைச் சொருகினால் ஒலியே இல்லை. பிளக் உள்ளே போகும்போது அதன் நுனி, ஜாக்கின் வளைந்த தகட்டை வெளிப்பக்கம் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தகடு செப்புத் தாளைத் தொட்டு எர்த்தாகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் தகடு பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும், காரணம் கண்ணில் படாது. அந்தச் சுவரில் இரண்டு அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஜாக்கை மூடுங்கள். பிக்கப்பின் அடியில் வயர் ஒட்டிய கண்களையும் செப்புத் தாள்மீது உரசாமல் அப்படியே மறையுங்கள்; அதாவது தாளுக்கும் கண்ணுக்கும் நடுவே டேப் இருக்க வேண்டும்.

கம்பி மாட்டும் முன் கேபிளைச் சொருகி மறுமுனையில் அளங்கள். வால்யூம் முழுதாகத் திறந்திருக்க, நுனிக்கும் உடலுக்கும் இடையே சிங்கிள் காயில் சுமார் 5 முதல் 7 ஆயிரம் ஓம், ஹம்பக்கர் 7 முதல் 16 ஆயிரம் காட்டும். சுழியம் என்றால் எங்கோ தாளைத் தொடுகிறது. பிரிட்ஜுக்கும் கேபிள் உடலுக்கும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடுதலானால் பிரிட்ஜ் வயரின் ஈயத்தை மறுபடி ஒட்டுங்கள். பாட்டின் முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்டினால் பிடிக்கும். சின்ன அயர்னால் நெடுநேரம் சுட்டால் பாட் உள்ளேயே கருகும்.

9. ஆம்ப்பே உறுமினால்

எதுவும் சொருகாதபோதே, வால்யூம் ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே அளவில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் நின்றால், பெரும்பாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது. வால்வ் ஆம்ப்பை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கலாம், அது கொல்லும். முன்வரிசைச் சிறு வால்வ் ஒன்றை அணைத்து ஆறவிட்டு மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, வால்வ் ஆம்ப் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

10. நாய்ஸ் கேட்

கடைசியாக. நீங்கள் வாசிக்காதபோது அது வாயை மூடும். சுரம் ஒலிக்கும்போது உறுமல் அதனோடு சேர்ந்தே வரும். டிஸ்டார்ஷனுக்குப் பிறகு, டிலேக்கு முன் வையுங்கள்.

11. மண்டபம், கோயில் மேடை

ஆம்ப்பும் மிக்சரும் ஒரே விநியோகப் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும், விளக்குகள் வேறு வரிசையில் போகட்டும். மிக்சருக்கு நேராகக் கித்தார் ஒலியைக் கொடுப்பதானால் டிஐ பாக்ஸில் (கித்தார் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி) உள்ள எர்த் விடுவிக்கும் சுவிட்சைப் போடுங்கள். ஆம்ப்பின் பிளக் தொடப்பட வேண்டாம். ஜெனரேட்டரில் ஓடும் மேடையென்றால் அதன் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று மின்சாரம் கொடுப்பவரிடம் கேட்டு, கண்ணாலும் பாருங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பவர் மைக்கில் உதடு வைக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டின் உச்ச அளவில் வைத்து, ஒரு முள்ளை மைக்கின் வலையிலும் மறுமுள்ளைக் கித்தார் கம்பியிலும் தொடவும். ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டும். பத்து, இருபது என்று ஏறினாலே காரணம் தெரியும்வரை பாடக்கூடாது, ஏற்பாட்டாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

12. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

கித்தாரோடு உங்கள் கேபிளையும், பெடல் சப்ளையையும், இரண்டாம் படியில் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். "உறுமுகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரிப்பார், கூலி ஏறும். "வால்யூம் சுழியத்தில் அமைதி, திறந்தால் ரீங்காரம், கம்பியைத் தொட்டால் குறைகிறது" என்று சொன்னால் நேராக ஷீல்டிங்குக்குப் போவார். கூலி பொருளோடு சேர்த்தா தனியா, எத்தனை நாள், கழற்றிய பழைய பாகங்கள் திரும்பக் கிடைக்குமா என்று மூன்றையும் முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். கடையில் அமைதியாக இருந்து வீட்டில் மறுபடி உறுமினால் கித்தாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மூன்றாம், நான்காம் படிகளை இன்னொரு முறை செய்யுங்கள்.